சூரைச்செடியின் கீழ்



இந்த வாரம் எழுதப்போகும் காரியம் எனக்கு எளிதானதல்ல. ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்த காலத்தில், ஒரு வாலிபனுக்கு நான் இழைத்த தவற்றைக் குறித்து எழுதுகிறேன். அவன் இப்போது தூரத்து ஊரொன்றில் வேலையில் இருக்கிறான். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க ஐயா, பேரு மட்டும் வேண்டாம்" என்றான். ஆகவே பெயரில்லாமல் எழுதுகிறேன். ஊரையும் சற்று மறைத்தே சொல்கிறேன்.

அவன் பத்து வயதிலிருந்தே ஆலயத்தில் கீபோர்டு வாசித்தவன். ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே வந்து, பாடகர் குழுவில் ஒருவரும் வராத வேளையில் தனியாக வாசித்துக்கொண்டிருப்பான். கீத பவனிக்கு எந்தத் தெருவில் எந்தப் பாட்டு என்று பட்டியல் போடுவதும் அவன்தான். பிளஸ் டூ படித்த ஆண்டில், ஆகமன காலம் தொடங்கும் வேளையில், அவன் வருவது நின்றது. முதலில் பரீட்சை என்றார்கள். பிறகு தலைவலி என்றார்கள். ஒருநாள் அவன் தாயார் போதகர் இல்லத்துக்கு வந்து, நாற்காலியின் நுனியில் அமர்ந்து பேசினார்கள்.

"ஐயா, அவன் அழவும் மாட்டேங்கான், சிரிக்கவும் மாட்டேங்கான். மீன் குழம்பு வச்சா சாப்பிட எந்திரிச்சி வரவே மாட்டான். நான் ஊட்டிவிட்டா, நல்லாத்தான் இருக்குங்கான். அப்புறம் ஏன்யா வந்து உக்கார மாட்டேங்கான்?"

அந்தத் தாயின் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. வேதசாஸ்திரக் கல்லூரியில் நான் கற்ற எந்தப் பாடமும் அதற்கு உதவவில்லை. வீட்டுக்குச் சென்று அவனைப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்காக அப்பா முன்கூட்டியே வாங்கிக் கொடுத்த கைப்பேசி பெட்டி பிரிக்கப்படாமல் மேசையில் இருந்தது. "என்ன தம்பி வருத்தம்?" என்று கேட்டேன். "வருத்தம்னு ஒண்ணும் இல்ல ஐயா. ஒண்ணுமே இல்ல. கீபோர்டு முன்னால உக்காந்தா அது வெறும் பலகை மாதிரி இருக்கு" என்றான். ஜெபித்துவிட்டு, காலையில் சீக்கிரம் எழுந்து வேதம் வாசிக்கும்படி சொல்லி வந்தேன்.

அடுத்த ஞாயிறு பிலிப்பியர் நிருபத்திலிருந்து பிரசங்கித்தேன். கிறிஸ்தவனுக்குச் சந்தோஷம் ஒரு கட்டளை என்பதே பொருள். எல்லாவற்றையும் பெற்றிருந்தும் வாடிய முகத்தோடிருப்பவன் தேவனுக்கு நன்றியற்றவன் என்று, சற்று உரத்த குரலிலேயே, பீடத்திலிருந்து சொன்னேன். ஒருவரையும் மனதில் வைத்து அப்படிச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. அவன் மூன்றாவது வரிசையில் தாயாரின் அருகே அமர்ந்திருந்தான். அன்றிரவு அவன் அம்மாவிடம், இனி உயிரோடிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது என்று சொல்லியிருக்கிறான்.

மறுநாள் நகரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அவன் தந்தை வர மறுத்ததால் நான் உடன் சென்றேன். மருத்துவர் முதலிலேயே, என் முன்பாகவே, "செத்துப்போகணும்னு தோணுதா? எப்போதிலிருந்து?" என்று அவனைக் கேட்டபோது நான் திடுக்கிட்டேன். இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காதா என்று பிறகு தனியே விசாரித்தேன். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்றும், ஏற்கெனவே உள்ளதை இறக்கிவைக்க அது இடம் தரும் என்றும் விளக்கினார். அதன்பின் அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "ஐயா, இவன் சந்தோஷப்பட மறுக்கல. சந்தோஷத்தை நோக்கி நகர்த்துற விசை இவனுக்குள்ள தளர்ந்துபோச்சு."

அந்த விசை என்ன என்று அறிய அதன்பின் பல மாதங்கள் வாசித்தேன். நான் விஞ்ஞானியல்ல. ஆயினும் வாசித்தவற்றில் உறுதியானவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியவனாயிருக்கிறேன். ஏனெனில் "டோபமைன்" என்னும் சொல்லை நானே பிரசங்கத்தில் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறேன். அது இன்பத்தைச் சுரக்கும் ஏதோ ஒரு சாறு என்றும், கைப்பேசி அதைப் பொங்கச் செய்கிறது என்றும் வாலிபர் கூடுகையில் பேசினேன். காரியம் அவ்வளவு எளிதல்ல.

1954இல் கனடாவின் மாண்ட்ரீலிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினார்கள். எலி ஒரு நெம்பியை அழுத்தினால் அவ்விடத்துக்குச் சிறு மின்னோட்டம் பாயும். எலிகளோ மணிக்கு நூற்றுக்கணக்கான முறை அதை அழுத்தின. மூளையின் இன்ப மையத்தையே கண்டுபிடித்துவிட்டோம் என்று அக்காலத்தில் எண்ணினார்கள். பல ஆண்டுகள் அந்த எண்ணம் நிலைத்தது. பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிஜ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வேறொன்றைக் கண்டார்கள். டோபமைன் ஏறக்குறைய முற்றிலும் நீக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. முன்னால் உணவிருந்தும் பட்டினி கிடந்தன. ஆனால் சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டபோதோ, மற்ற எலிகளைப் போலவே நாவால் உதட்டை நக்கிச் சுவைத்தன.

இதை வாசித்த இரவில் அந்தத் தாயின் மீன் குழம்பு என் நினைவுக்கு வந்தது. ஊட்டினால் நன்றாயிருக்கிறது, எழுந்து வரத்தான் முடியவில்லை. விரும்பி நாடுவதும் சுவைத்து மகிழ்வதும் நம் பேச்சில் ஒன்றாகத் தோன்றினாலும், மூளையில் அவை வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன. டோபமைன் பெரும்பாலும் முதலாவதற்குரியது. எலிக்குச் சொன்னதை மனிதனுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது என்பதையும் அறிவேன். என்றாலும் மனச்சோர்வுற்றவர்களுக்கு இனிப்பைக் கொடுத்துச் சோதித்த பல ஆய்வுகளில், அவர்களும் மற்றவர்களைப் போலவே அதை இனிமையாகவே உணர்ந்தார்கள்.

இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்து வந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின், விளக்கு எரிந்தபோதே துடித்தன. சாறு கிடைத்த வேளையில் அமைதியாக இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. ஆக, அந்த நரம்பணுக்கள் நடப்பதை எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்க்கின்றன. 'அங்கே போனால் நன்மை உண்டு, எழுந்து போ' என்று நம்மை உந்துவது இந்தக் கணக்கே. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தவுடன் நம்மை அறியாமல் நாம் எழுந்திருப்பதிலும் அதற்குப் பங்குண்டு என்று எண்ணுகிறேன்.

வாலிபரிடம் செய்த ஆய்வுகளுக்கு வருகிறேன். ஐரோப்பாவில் பல நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட 14 வயதுப் பிள்ளைகளை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஒரு சிறு விளையாட்டு விளையாடச் செய்தார்கள். சைகை தோன்றியதும் விரைவாகப் பொத்தானை அழுத்தினால் பரிசுப் புள்ளி உண்டு. அந்தப் பரிசை எதிர்நோக்கும் கணத்தில், மூளையின் ஆழத்திலுள்ள வென்ட்ரல் ஸ்ட்ரையாட்டம் என்னும் பகுதி எவ்வளவு செயல்படுகிறது என்று பார்த்தார்கள். ஆர்கிரிஸ் ஸ்ட்ரிங்காரிஸ் குழுவினர் 2015இல் வெளியிட்ட முடிவின்படி, மனச்சோர்வின் அறிகுறிகள் உள்ள பிள்ளைகளிடம் அச்செயல்பாடு குறைவாயிருந்தது. இதைவிட என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொன்று. 14 வயதில் நலமாயிருந்தவர்களிலும், அந்தப் பகுதியின் செயல்பாடு குறைந்திருந்தவர்கள் 16 வயதுக்குள் மனச்சோர்வில் விழும் வாய்ப்பு மிகுந்திருந்தது. அதாவது முகம் வாடுமுன்பே உள்ளே விளக்கு மங்கத் தொடங்கியிருக்கலாம்.

அதற்கு முன்பே, 2009இல், பிட்ஸ்பர்க்கில் எரிக்கா ஃபோர்ப்ஸ் குழுவினரும் இதற்கொத்த ஒன்றைக் கண்டிருந்தார்கள். மனச்சோர்வுள்ள பிள்ளைகளிடம், பரிசை எதிர்நோக்கும்போது மட்டுமல்ல, பெறும்போதும் ஸ்ட்ரையாட்டத்தின் செயல்பாடு குறைவாயிருந்தது. அவர்கள் வீட்டிலிருக்கும் நாட்களில் தொலைபேசியில் அழைத்து, இப்போது எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தபோது, அந்தச் செயல்பாடு குறைந்த பிள்ளைகளின் அன்றாட மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. இவை கூட்டத்தின் சராசரிகள். ஒரு பிள்ளையைப் படமெடுத்து, உனக்கு நோய் உண்டு அல்லது இல்லை என்று சொல்ல இவற்றால் முடியாது. மனச்சோர்வுக்கு இது ஒன்றே காரணமும் அல்ல. வறுமையும் வசவும் இழப்பும் பரம்பரையும் அதில் கலந்திருக்கின்றன. நான் இவற்றிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே. நன்றியின்மை என்று பீடத்திலிருந்து நான் பெயர் சூட்டியது, அவன் தெரிந்துகொண்ட ஒரு குணமல்ல.

பிரான்சு தேசத்து ரிபோ என்பவர் 1896இல் இந்த இன்பமின்மைக்கு "அன்ஹெடோனியா" என்று பெயரிட்டார். பெயர்தான் புதிது. அதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் ஒரு சட்ட மாணவன் அதை அனுபவித்தான். நாம் ஆலயத்தில் பாடும் சில ஞானப்பாட்டுகளை ஆங்கிலத்தில் எழுதிய வில்லியம் கூப்பரே அவர். 1731இல் பிறந்து, ஆறு வயதில் தாயை இழந்தவர். இருபத்தொன்றை ஒட்டிய வயதில், தாம் உயிராய் நேசித்த கிரேக்க, லத்தீன் நூல்கள் சுவையற்றுப் போனதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். புத்தகங்கள் அவருக்குப் பலகையாகிவிட்டன என்று எனக்குத் தோன்றியது. பிற்காலத்தில் அது பலமுறை திரும்ப வந்தது. 1773இல் வந்தபோது, தேவன் தம்மைத் தள்ளிவிட்டார் என்றே நம்பி, ஆலயம் செல்வதை நிறுத்திவிட்டார்.

அவருடைய போதகர் ஜான் நியூட்டன் என்ன செய்தார் என்று பாருங்கள். ஓல்னி என்னும் சிற்றூரிலிருந்த தம் போதகர் இல்லத்திலேயே அவரை ஓராண்டுக்கு மேல் தங்கவைத்தார். அதன்பின் அயலார் அவருக்கு முயல் குட்டிகளைக் கொடுத்தார்கள். பஸ், டைனி, பெஸ் என்று பெயரிட்டு மூன்றை வளர்த்தார். அவற்றுக்குத் தம் கையாலேயே மரக்கூண்டு செய்தார். தோட்ட வேலை செய்தார். அவருடைய நோய் முழுவதும் தீரவில்லை. 1800இல் இறக்கும்வரை அது அவரை விடவில்லை. ஆயினும் அவருடைய பெரிய கவிதைகள் அந்தக் கூண்டு செய்த கைகளிலிருந்து, அதற்குப் பிறகுதான் வந்தன.

எங்கள் மருத்துவர் முயலைக் குறித்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் கொடுத்த திட்டம் ஏறக்குறைய அதுவே. மருந்து ஒன்று எழுதினார். இளவயதினருக்கு இவ்வகை மருந்து தொடங்கும் முதல் வாரங்களில் சாவைக் குறித்த எண்ணம் சிலரிடம் கூடக்கூடும் என்பதால், வீட்டார் அருகிலிருந்து கவனிக்கவும், தாமாக நிறுத்தாமலிருக்கவும் கண்டிப்பாகச் சொன்னார். அதோடு ஒரு தாளில் நாள்தோறும் செய்யவேண்டிய மூன்று சிறு வேலைகளை எழுதினார். மனம் வந்தபின் செய்யலாம் என்று காத்திராதே, முதலில் செய், மனம் பின்னால் வரட்டும் என்பதே அதன் சாரம். 1970களில் அமெரிக்காவில் பீட்டர் லெவின்சன் என்பவர் வளர்த்த சிகிச்சை முறை இது என்று பிறகு அறிந்தேன். நாடும் விசை தளர்ந்தவனிடம், முதலில் நாடு என்று சொல்வதில் பயனில்லை. கால் நடக்க, சிறு சிறு நன்மைகள் மறுபடி கிடைக்க, எதிர்பார்ப்பின் கணக்கு மெல்லத் திருந்துகிறது.

மூன்று வேலைகளில் ஒன்று எனக்குரிய பங்காயிற்று. காலை ஆறு மணிக்கு நானும் அவனும் ஆலயக் கதவுகளைத் திறந்து, வளாகத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதல் வாரம் நானே போய் அவனை எழுப்பி அழைத்து வந்தேன். வாளியைப் பிடித்தபடி, "எனக்கு ஒண்ணும் தோணல ஐயா" என்பான். "தோண வேண்டாம் தம்பி, தண்ணி மட்டும் ஊத்து" என்பேன். வேதவசனம் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு கடினமாயிருந்தது என்பதைப் போதகர்கள் அறிவார்கள். அவனால் ஜெபிக்க முடியவில்லை என்றான். நான் ஜெபிக்கிறேன், நீ பக்கத்தில் நின்றால் போதும் என்றேன். சில நாட்களில் நின்றான். சில நாட்களில் வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் காலைகளில்தான் இராஜாக்களின் முதலாம் புத்தகம் பத்தொன்பதாம் அதிகாரத்தைப் புதிதாக வாசித்தேன். கர்மேலில் அக்கினியைக் கண்ட எலியா, அடுத்த சில நாட்களில் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறான். வெற்றி கண்ட கண்களுக்கு வெற்றி ஒன்றுமில்லாமற்போயிற்று. அவனிடம் வந்த தேவதூதன், கர்மேலை நினைத்துப்பார் என்று சொல்லவில்லை, நன்றியற்றவனே என்று கடிந்துகொள்ளவும் இல்லை. தட்டி எழுப்புகிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறான். தூதன் அதையும் அனுமதித்து, இரண்டாம் முறை தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். வழியின் தூரம் அவனுக்கு மிகுதி என்பதைத் தூதன் அறிந்திருந்தான். ஓரேபில் அந்த மெல்லிய சத்தம் கேட்பது நாற்பது நாட்களுக்குப் பிறகே. இப்பகுதியில் நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அடையைத் தாண்டி, மெல்லிய சத்தத்துக்கு விரைந்திருக்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை முன்பு விரும்பியவற்றை விட்டுவிட்டு இரண்டு வாரத்துக்கு மேலாக ஒதுங்கியிருந்தால், தூக்கமும் உணவும் மாறியிருந்தால், கைப்பேசியைப் பிடுங்குவதிலோ உபவாசக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்வதிலோ தொடங்காதீர்கள். மருத்துவரிடம் செல்லுங்கள். நானும் உடன் வருவேன். அவசர வேளையில் அரசின் டெலிமானஸ் எண்ணாகிய 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று இன்னும் எண்ணுவோர் நம்மிலே உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1950களிலேயே மனநல மையம் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் வழக்கத்தை அங்கு ஏற்படுத்தியது. நம் முன்னோருக்கு இதில் வெட்கமிருக்கவில்லை.

பீடத்தில் சொன்னதைப் பீடத்திலேயே திரும்பப் பெறுவதற்கு எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அவன் பெயரைச் சொல்லாமல், நான் அறியாமல் பேசினேன் என்று சபையாரிடம் சொன்னேன். அதற்கு முன் அவனிடம் தனியே மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல ஐயா" என்று மட்டும் சொன்னான். அந்த வேளையில் அவனுக்குக் கோபம்கூட இல்லை. எனக்கு அதுவே அதிக பாரமாயிருந்தது. கல்லூரிக் காலத்தில் இரண்டு முறை அவன் மறுபடியும் தாழ்ந்தான். இரண்டு முறையும் மருத்துவரிடம் தானே போனான். இரண்டாம் முறை அவன் தந்தையும் உடன் சென்றார்.

நான் சொல்லாமல் விட்டது அந்த முதல் ஆண்டின் லெந்து நாட்களில் ஒரு காலை. தண்ணீர் ஊற்றி முடித்து, நான் பீடத்து விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பக்கத்து அறையில் யாரும் பயன்படுத்தாத பழைய ஆர்மோனியம் ஒன்று தூசியோடு கிடந்தது. அங்கிருந்து ஒரே சுரம் நீண்டு ஒலித்தது, நிற்கவில்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு கையால் துருத்தியை அசைத்துக்கொண்டு, குனிந்து கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, இதுல ஒரு கட்டை அழுத்துனா எழும்பவே மாட்டேங்குது. ஸ்குரூ டிரைவர் இருக்கா?"

வீட்டுக்கு ஓடினேன். செருப்புப் போட மறந்தது, திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.